குதிரை முதுகில் வளர்ந்த சபை

[திரையில்: பால்டிமோர் நகரின் பழைய வரைபடம்]

1784, கிறிஸ்துமஸ் சமயம். பால்டிமோரில் லவ்லி லேன் என்ற சின்ன ஆலயத்தில் ஏறக்குறைய 60 போதகர்கள் கூடியிருக்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது இங்கிலாந்து திருச்சபையின் குருமார்களில் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பல ஊர்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து பரிமாறவும் ஆளில்லை. மெதடிஸ்டுகளோ அதுவரை அந்தத் திருச்சபைக்குள்ளேயே இயங்கிய ஒரு கூட்டம்தான். அவர்களுடைய போதகர்களுக்குக் குருப்பட்டம் கிடையாது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இங்கிலாந்திலிருந்து தாமஸ் கோக் என்ற குருவை அனுப்பி, அமெரிக்காவில் ஏற்கெனவே போதகராக இருந்த பிரான்சிஸ் ஆஸ்பரியையும் தலைவராக்கச் சொன்னார். ஆஸ்பரி மசியவில்லை. வெஸ்லி சொன்னால் போதாது, இங்கிருக்கும் போதகர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். தேர்ந்தெடுத்தார்கள். டீக்கன், மூப்பர், கண்காணிப்பாளர் என்று அடுத்தடுத்த நாட்களில் மூன்று பட்டமும் அவருக்குக் கிடைத்தன. மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை, அதாவது பிஷப்புகள் தலைமையிலான மெதடிஸ்ட் சபை, தொடங்கிய கதை இது.

[திரையில்: குதிரை, சேணப்பை]

சரி, இவ்வளவு சின்னக் கூட்டம் நாடு முழுக்கப் பரவியது எப்படி? குதிரையில்தான். ஒரு போதகருக்கு ஒரு சர்க்யூட். அதில் இருபது, முப்பது ஊர்கள்கூட இருக்கும். ஒரு சுற்று முடிக்க நாலு முதல் ஆறு வாரம். சேணப்பையில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும். 1800 வரை ஆண்டுச் சம்பளம் 64 டாலர். அதுவும் ஒழுங்காகக் கைக்கு வருமா என்பது வேறு விஷயம். காட்டுப் பாதையில் நோயில் விழுந்து இளவயதிலேயே இறந்தவர்கள் நிறையப் பேர். கடும் மழை நாளில், ‘இன்றைக்கு வெளியே காக்காயும் மெதடிஸ்ட் போதகரும்தான் இருப்பார்கள்’ என்று மக்கள் சொல்வார்களாம்!

போதகர் வராத வாரங்களில் என்ன செய்வார்கள்? என்னைக் கேட்டால், மெதடிஸ்ட் ஆராதனையின் உயிர் அந்த வாரங்களில்தான் இருந்தது. பன்னிரண்டு பேர் அளவில் ஒரு வகுப்பு. நடத்துபவர் விவசாயியாக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம், சில இடங்களில் பெண்ணாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் கேட்பது ஒரே கேள்வி: உன் ஆத்துமா எப்படி இருக்கிறது? ஒழுங்காக வந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டுக் கிடைக்கும். அதைக் காட்டினால்தான் அன்பின் விருந்துக்குள் அனுமதி. பெயர்தான் விருந்து, பரிமாறுவது ரொட்டியும் தண்ணீரும்தான். அதைப் பகிர்ந்தபடி எழுந்து சாட்சி சொல்வார்கள், பாடுவார்கள்.

[திரையில்: பிலடெல்பியா, செயின்ட் ஜார்ஜ் ஆலயம்]

இந்த எளிமை கறுப்பின மக்களையும் ஈர்த்தது. ஆஸ்பரியுடன் பயணம் செய்த கறுப்பினப் போதகர் ஹாரி ஹோசியருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேத வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிப் பிரசங்கித்து, வெள்ளையர் கூட்டத்தையும் கட்டிப்போட்டவர். பிரசங்கம் கேட்கலாம், சரி. பக்கத்தில் உட்காரலாமா?

பிலடெல்பியாவில் செயின்ட் ஜார்ஜ் என்ற மெதடிஸ்ட் ஆலயத்தில் விடை தெரிந்தது. அது நடந்த ஆண்டு 1787 என்றும் 1792 என்றும் இரண்டு கணக்கு உண்டு. முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை, ‘உன் இடம் இதுவல்ல’ என்று கையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியட்டும், அப்புறம் உங்களுக்குத் தொல்லை கொடுக்கமாட்டேன் என்றார் அவர். ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் எல்லோரும் சேர்ந்து வெளியேறினார்கள்.

ஜோன்ஸ் பிறகு, இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்த எபிஸ்கோப்பல் சபைக்குப் போனார். அவருடைய நண்பர் ரிச்சர்ட் ஆலன் போகவில்லை. அடிமையாகப் பிறந்து, விலை கொடுத்து விடுதலை வாங்கியவர் ஆலன். எளிய பிரசங்கம் செய்யும் மெதடிஸ்ட் முறைதான் எங்கள் மக்களுக்குப் பொருந்தும் என்பது அவர் முடிவு. ஒரு பழைய கொல்லர் பட்டறையை விலைக்கு வாங்கி, குதிரைகளைப் பூட்டித் தன் நிலத்துக்கு இழுத்து வந்து ஆலயமாக்கினார். 1794இல் அதைப் பிரதிஷ்டை செய்தவர் ஆஸ்பரியேதான். 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவானது; ஆலன் அதன் முதல் பிஷப்.

தாய்ச் சபையும் தப்பவில்லை. பிஷப் ஜேம்ஸ் ஆண்ட்ரூவிடம் அடிமைகள் இருந்த விவகாரத்தில் 1844இல் வடக்கு தெற்காக உடைந்தது. 1939இல் மறுபடி சேர்ந்தபோது, பெரும்பாலான கறுப்பினச் சபைகளை, எந்த ஊரில் இருந்தாலும், ‘மத்திய நிர்வாகப் பகுதி’ என்று தனியாக ஒதுக்கினார்கள். ஆலயத்துக்குள் இருந்த தனி இருக்கை சட்டப் புத்தகத்துக்குள் ஏறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். 1968இல் இன்னொரு சபையோடு இணைந்து யுனைடெட் மெதடிஸ்ட் சபை உருவானபோதுதான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். ஆலனின் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. இன்றும் தன் பிஷப்புகளைத் தானே தேர்ந்தெடுக்கிறது.