சிரவணபெளகொளாவுக்கு ஒரு மணி நேரம் போதுமா?

அடுத்த கேள்வி, கர்நாடகத்தின் சமணத் தலமான சிரவணபெளகொளாவைப் பற்றி, சேலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டது. “பேலூர், ஹளேபீடு போகிறோம். வழியில் சிரவணபெளகொளாவையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது. நாங்கள் சமணர்களும் இல்லை, உள்ளே விடுவார்களா?” என்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். யாரும் மதம் கேட்பதில்லை. தோல் பொருட்களை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் நிச்சயம் போதாது. தயவுசெய்து அந்தத் திட்டத்தை மாற்றுங்கள். அடிவாரத்திலிருந்து, பெரிய சிலை நிற்கும் விந்தியகிரி மலைக்குப் பாறையிலேயே வெட்டிய 600க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. செருப்பைக் கீழேயே விட வேண்டும். காலை பத்து மணி தாண்டினால் பாறை சுடும். விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள், காலுறை போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு டோலி கிடைக்கும், அடிவாரத்தில் கேளுங்கள்.

மேலே நிற்பவர் பாகுபலி. அங்கே கோமடேசுவரர் என்கிறார்கள். அண்ணன் பரதனோடு நாட்டுக்காக மோதி, வென்ற நொடியிலேயே எல்லாவற்றையும் உதறித் தவத்துக்குப் போனவர். நின்றபடியே தவம் செய்ததில் காலைச் சுற்றிப் புற்று எழும்பி, கொடி படர்ந்துவிட்டது. சிலையில் தொடையிலும் கையிலும் அந்தக் கொடி ஏறுவதைப் பாருங்கள். ஏறக்குறைய 57 அடி உயரம், ஒரே கருங்கல். தொடைக்கு மேலே பின்புறம் எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. இத்தனை பெரிய உருவத்தில் அந்த முகத்துக்கு இவ்வளவு அமைதியைக் கொடுத்த சிற்பியை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

கங்க மன்னன் ராசமல்லனின் அமைச்சரும் தளபதியுமான சாவுண்டராயர் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பியது இது. சிலையின் காலடியில் கல்வெட்டு இருக்கிறது. கன்னடத்தோடு தமிழிலும் ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்று வெட்டியிருக்கிறார்கள். எழுத்து கிரந்தமும் வட்டெழுத்தும் என்பதால் பார்த்ததும் படிக்க வராது. மராட்டியிலும் உண்டு. அன்றைக்கே பல தேசத்து யாத்திரிகர்கள் வந்த ஊர் என்பது இதிலிருந்தே தெரிகிறது. சிலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாட்டியின் சிலை இருக்கும், தவறவிடாதீர்கள். குள்ளகாயஜ்ஜி என்று பெயர். சாவுண்டராயர் குடம் குடமாக ஊற்றிய பால் தொடைக்குக் கீழே இறங்கவில்லையாம். இந்தப் பாட்டி ஒரு சின்னக் காய்க்கூட்டில் கொண்டுவந்த பால் பாதம்வரை நனைத்ததாம். செய்வித்தவனின் கர்வத்தைக் கண்டிக்கும் கதையை அவன் செய்வித்த சிலைக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சிலைக்குத் தலையிலிருந்து அபிஷேகம் செய்யும் மகாமஸ்தகாபிஷேக விழா கடைசியாக 2018இல் நடந்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030.

பெரும்பாலானவர்கள் விந்தியகிரியோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். எதிரே உள்ள சந்திரகிரி சின்ன மலை, படிகளும் குறைவு. மெதுவாக ஏறினால் அம்மாவால்கூட முடியலாம். சமண மரபுப்படி, வடக்கே பஞ்சம் வந்தபோது பத்திரபாகு முனிவர் தன் சீடர்களோடு இங்கே வந்தார். அரசைத் துறந்த சந்திரகுப்த மௌரியரும் கூடவே வந்து, இங்கேயே உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். இங்கிருந்து ஒரு பிரிவினர் தெற்கே சோழ, பாண்டிய நாடுகளுக்குப் போனார்கள் என்றும் அந்த மரபு சொல்கிறது. சந்திரகுப்தர் பசதியில் (பசதி என்றால் சமணக் கோயில்) கல்லைச் சல்லடைபோலத் துளைத்த பலகைகளில் இருவரின் கதையையும் சின்னச் சின்னக் காட்சிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் பாறையில் குனிந்து பார்த்தால் எழுத்தாகவே இருக்கும். பல கல்வெட்டுகள் இங்கே நோன்பிருந்து இறந்தவர்களுடைய நினைவுக்கு வெட்டியவை.

மலையே வேண்டாம் என்றாலும் அம்மாவுக்கு ஊருக்குள் நிறைய இருக்கிறது. இரண்டு மலைக்கும் நடுவே கல்யாணிக் குளம். பக்கத்தில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக நிற்கும் பண்டாரி பசதி. ஹொய்சள அரசின் பொருளாளர் ஹுள்ளா கட்டியது. 1181இல் அமைச்சர் சந்திரமௌலியின் மனைவி ஆசியக்கா கட்டிய அக்கன பசதியும் இருக்கிறது. ஜைன மடத்துச் சுவரோவியங்களையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு இரவு இங்கேயே தங்குங்கள். யாத்திரிகர் விடுதிகள் உண்டு. வெங்காயம், பூண்டு இல்லாத சமணச் சாப்பாடு கிடைக்கும். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், அவர்கள் வழக்கம் அது. மறுநாள் ஊரை ஒட்டிய ஜினநாதபுரத்தில் சாந்திநாதர் பசதியைப் பாருங்கள். வெளிச்சுவர் முழுக்க ஹொய்சள வேலைப்பாடு, கூட்டமே இருக்காது. கார் இருந்தால், பழைய சமணக் கோயில்கள் உள்ள கம்பதஹள்ளிக்கும் ஒரு எட்டு போய் வரலாம்.

பேலூர், ஹளேபீடு இரண்டும் இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். ஹளேபீட்டில் எல்லோரும் ஹொய்சளேசுவரர் கோயிலோடு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளியிருக்கும் பார்சுவநாதர் பசதிக்கும் போங்கள். கோமடேசுவரரைச் சுற்றி மதில் மண்டபம் எழுப்பிய தளபதி கங்கராஜரின் நினைவாக அவர் மகன் 1133இல் கட்டியது அது. உள்ளே மாக்கல் தூண்களில் உங்கள் முகமே தெரியும், அவ்வளவு மெருகு.

பஸ்ஸில் வருவதென்றால் சென்னராயபட்டணத்தில் இறங்கி மாறுங்கள், 13 கிலோமீட்டர்தான். பெங்களூர் – ஹாசன் தடத்தில் ரயில் நிலையமும் இருக்கிறது.