கடலோர வீட்டுக் காங்கிரீட்டும் நானோ சிலிக்காவும்

வணக்கம் நேயர்களே. டர்பனில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பால்கனியின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வரிசையிலேயே பழுப்புக் கறை தெரியும். அப்புறம் மயிரிழை விரிசல். ஒரு நாள் பூச்சோடு காங்கிரீட்டும் பெயர்ந்து விழும். ப்ளஃப், அமன்சிம்டோட்டி பக்கமெல்லாம் இது சகஜம். பெயின்ட் அடித்து மறைப்பதும் சகஜம்தான்.

எல்லாம் கடல் உப்பின் வேலை. சிமென்டின் காரத்தன்மையால் கம்பி மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே உள்ளே போய் அதை உடைத்துவிடுகிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட் பிளக்காமல் என்ன செய்யும்?

ஆக, உப்பு நுழையும் துளையைச் சுருக்க வேண்டும். அதற்குத்தான் நானோ சிலிக்கா, அதாவது மணலில் உள்ள சிலிக்காவின் மிக மிக நுண்ணிய பொடி. சிமென்ட் துகள் 10, 20 மைக்ரோமீட்டர் இருக்கும். இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடச் சிறியது. சந்துபொந்தில் புகுந்து நிரப்புவது பாதி வேலை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, பலம் தரும் கால்சியம் சிலிகேட் பசையோடு, அவ்வளவாகப் பலம் தராத சுண்ணாம்பும் மிஞ்சும். நானோ சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைத் தின்று மேலும் பசையை உண்டாக்குகிறது. ஜல்லியைச் சுற்றி எப்போதும் நோஞ்சானாக இருக்கும் விளிம்பும் கெட்டிப்படுகிறது. சிமென்ட் எடையில் 1 முதல் 3 சதவீதம் போட்டாலே வித்தியாசம் தெரியும். கார்பன் நானோ குழாய்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைத் தைத்துப் பிடிப்பவை. வீடு கட்டுகிறவருக்கு அந்த விலை கட்டாது.

சிக்கல் கலக்குவதில் இருக்கிறது. மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது மாவைச் சரியாகக் கரைக்காவிட்டால் கட்டி தட்டுமே, அதே கதைதான். கட்டி விழுந்த இடம் பலவீனமாகிவிடும். இத்தனை பொடிசாக இருப்பதால் தண்ணீரையும் உறிஞ்சும், கலவை விறைத்துக்கொள்ளும். உடனே மேஸ்திரி ஹோஸைத் திருப்பினால் போட்ட காசு வீண். தண்ணீர் கூட்டாமல் இளக்கும் ரசாயனம் சேர்த்து, ஆலையிலேயே கலக்க வேண்டிய சரக்கு இது. பக்கி என்ற சிறு சரக்கு வண்டியில் வந்த மணலை இறக்கி மண்வெட்டியால் புரட்டும் இடத்துக்கு ஒத்துவராது.

என்னைக் கேட்டால், பாலம், துறைமுகத் தூண் போன்றவற்றுக்கு நானோ சரி. வீட்டுக்கு நம் நாட்டு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் போதும். மெதுவாக என்றாலும் அதுவும் சுண்ணாம்பைத் தின்னும். கம்பிக்கு மேல் காங்கிரீட் போதிய கனத்துக்கு இருக்கும்படி விட்டு, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர் நானோ போட்டும் பயனில்லை.

நானோ காங்கிரீட் என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், குளோரைடு கடத்துத்திறன் சோதனை முடிவைக் கேளுங்கள். கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய சோதனை அது. எண் குறைவாக இருந்தால் உப்பு எளிதில் நுழையாது. கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.