சுண்ணப்பாறையின் மேல் ஒரு வட்டச் சாலை

அன்புள்ள நேயர்களே, வணக்கம்.

பிரான்சில், நுரைக்கும் திராட்சை மதுவுக்குப் பேர்போன ஷாம்பெயின் வட்டாரத்தில் ஒரு சாலை இருக்கிறது. ரேம்ஸ் நகரத்தில் தொடங்கி, ஒரு குன்றுத்தொடரைச் சுற்றிக்கொண்டு, மார்ன் ஆற்றங்கரையில் உள்ள எபெர்னே வரை போய், காட்டு வழியாக மறுபடி ரேம்ஸுக்கே வந்து சேர்கிறது. சுற்று மொத்தமும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். எங்கும் நிற்காமல் காரை ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். ஆனால் அப்படி ஓட்டுகிறவர்கள் அந்த வட்டாரத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். மதுவின் சுவையைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்தச் சாலைக்குக் கீழே கிடக்கும் பாறையைப் பற்றி. அங்கே திராட்சைக் கொடி வளர்வதும், மது பக்குவப்படுவதும், ஒரு நகரமே போரில் பிழைத்ததும் அந்தப் பாறையால்தான். இந்த ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது வெள்ளைச் சுண்ணப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடமெல்லாம் கடல். அந்தக் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து பாறையாயின. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பாறையால்தான். இப்போது நம் கையில் இருக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது. ஆதியில் இந்தப் பாறையையே நறுக்கி எழுதினார்கள். சின்ன வயதில் சாக்பீஸைத் தண்ணீரில் முக்கிப் பார்க்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சர்ரென்று நீரை இழுத்துக்கொள்ளும், வெளியே எடுத்தால் சொட்டாது. ஷாம்பெயின் பாறையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கன மீட்டர் பாறை 300 முதல் 400 லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நாளில் கொடியின் வேர் அழுகுவதில்லை, ஏனென்றால் நீர் கீழே இறங்கிவிடுகிறது. வெயில் காலத்தில் அதே நீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வேருக்கு வந்து சேர்கிறது. குழாயும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது.

சரி, பாதைக்கு வருவோம். ரேம்ஸிலிருந்து தெற்கே கிளம்பினால் சற்று நேரத்தில் ரிலி என்ற ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் லூத், மாயி, வெர்ஸெனே, வெர்ஸி என்று ஊர்கள் வரிசையாக வரும். வலது கைப்பக்கம் குன்று. அதற்கு 'ரேம்ஸ் மலை' என்று பெயர், ஆனால் உச்சிகூட முந்நூறு மீட்டரை எட்டாது. தலையில் காடு, இடுப்பில் திராட்சை, காலடியில் கோதுமை வயல். இந்த மூன்று பட்டைகளும் ஊருக்கு ஊர் மாறாமல் வரும். காரணம் மறுபடியும் மண்தான். உச்சியில் களிமண்ணும் மணலும் மூடியிருக்கின்றன, அங்கே மரம்தான் வளரும். சரிவில் சுண்ணப்பாறை மேலே எட்டிப் பார்க்கிறது, கொடிக்கு ஏற்ற இடம் அது. சமவெளியில் தானியம்.

வெர்ஸெனேயில் வண்டியைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஒரு மேட்டில் பழைய காற்றாலை நிற்கிறது. இன்னொரு மேட்டில், கடலே இல்லாத அந்த ஊரில், ஒரு கலங்கரை விளக்கம்! 1909-ல் ஜோசப் கூலே என்ற மது வணிகர் தன் சரக்கின் விளம்பரத்துக்காகக் கட்டியது. இப்போது அதில் திராட்சை அருங்காட்சியகம் நடக்கிறது. மேலே ஏறினால் சுற்றிலும் கொடிகள். அந்தச் சரிவு வடக்கு நோக்கியது. வடக்கு அட்சரேகை 49 டிகிரியில், குளிர் நாட்டில், வெயிலுக்கு முதுகைக் காட்டும் சரிவில் திராட்சை எப்படிப் பழுக்கிறது? அங்கே சரிவு மிக மென்மையானது, அதனால் வெயில் ஓரளவு விழத்தான் செய்கிறது. இரவில் குளிர்காற்று கனத்து, சரிவு வழியே சமவெளிக்கு வழிந்துவிடுகிறது. உறைபனியின் கடுமை கீழே இருக்கிறவர்களுக்குத்தான் அதிகம். அப்புறம், பக்கத்தில் வெர்ஸி காட்டில் முறுக்கிக்கொண்டு குடை மாதிரி தரையைத் தொடும் விசித்திரமான பீச் மரங்கள் இருக்கின்றன. அரை மணி நேரம் அவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

இனி ரேம்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாறையைத் தெரிந்துகொண்டபின் கேட்டால்தான் அது புரியும் என்று வைத்திருந்தேன்.

ரேம்ஸ் என்றால் எல்லோரும் அதன் பேராலயத்தைச் சொல்வார்கள். 1211-ல் கட்டத் தொடங்கிய ஆலயம். பிரெஞ்சு மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக முடிசூடிய இடம். அதைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். பார்த்து முடித்தபின் நகரத்தின் தென்கிழக்குப் பக்கம், சேன் நிகேஸ் மேட்டுக்குப் போங்கள். அங்கே தரைக்குக் கீழே ராட்சதக் குழிகள் இருக்கின்றன. பழங்காலத்திலும் இடைக்காலத்திலும் வீடு கட்டக் கல் எடுத்த குழிகள் அவை. மேலே வாய் சின்னது, உள்ளே போகப் போக அகலம், ஒரு புனலைக் கவிழ்த்து வைத்தது போல. வாய் சின்னதாக இருந்தால் மழை உள்ளே இறங்காது, கல்லும் சரியாது. தோண்டியவர்களின் கணக்கு அது.

கல் எடுத்து முடித்ததும் குழிகள் சும்மா கிடந்தன. மது வணிகர்களின் கண் பிறகுதான் அவற்றின் மேல் விழுந்தது. ஷாம்பெயின் மது புட்டிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கிறது. அப்போது உண்டாகும் வாயு வெளியேற முடியாமல் மதுவிலேயே கரைந்து நிற்பதால்தான் நுரை. புட்டிக்குள் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல ஆறு மடங்கு வரை போகும். சூடு ஏறினால் புட்டி வெடிக்கும். அந்தக் காலத்து நிலவறைத் தொழிலாளர்கள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நடந்தார்கள். ஆகவே கோடையிலும் குளிரிலும் மாறாத குளுமை தேவை. பாறைக்கு அடியில் ஆண்டு முழுக்கப் பத்து, பன்னிரண்டு டிகிரிதான். 1858-ல் கணவர் இறந்ததும் தொழிலைக் கையில் எடுத்த லூயிஸ் பொமெரி என்ற அம்மையார், இந்தக் குழிகளை வாங்கி, சுரங்கத் தொழிலாளர்களை வைத்து ஒன்றோடொன்று இணைத்தார். 116 படிகள் இறங்கினால் நிலத்தடியில் சுரங்கங்கள் தெருத் தெருவாகக் கிளம்பும்.

அந்தத் தெருக்களுக்கு இன்னொரு கதை உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல், செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரேம்ஸைப் பிடித்தது. பத்து நாளுக்குள் பின்வாங்கியது. ஆனால் வெகுதூரம் போகவில்லை. நகரைச் சுற்றியிருந்த மேடுகளில் பீரங்கியை நிறுத்திக்கொண்டு நகரத்தைச் சுட ஆரம்பித்தது. செப்டம்பர் 19 அன்று பேராலயத்தின் கோபுரத்தில் பழுதுபார்ப்புக்காகக் கட்டியிருந்த மரச்சாரம் பற்றிக்கொண்டது. கூரையின் ஈயம் உருகி ஒழுகியது. முகப்பில் இருந்த சிரிக்கும் தேவதைச் சிலையின் தலை உடைந்து விழுந்தது. அதற்குப் பிறகும் குண்டு நிற்கவில்லை, போர் முடியும் ஆண்டு வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது.

ஜனங்கள் எங்கே போவார்கள்? கீழே போனார்கள். மது நிலவறைகளுக்குள் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். புட்டி அடுக்குகளுக்கு நடுவே கட்டில், அடுப்பு. அங்கேயே பூசை, அங்கேயே மருத்துவம். 1914 டிசம்பரில் பள்ளிக்கூடமும் அங்கேயே தொடங்கியது. பொமெரி நிலவறையில் நடந்த பள்ளிக்கு மௌனூரி என்ற தளபதியின் பெயர். இன்னொரு நிலவறைப் பள்ளிக்கு ஜோஃப்ர் தளபதியின் பெயர். விஷவாயு பயத்தால் பிள்ளைகள் முகமூடியோடு வந்தார்கள். நினைத்துப் பாருங்கள் நேயர்களே, தலைக்கு மேல் குண்டு விழுகிறது, கீழே ஓர் ஆசிரியை விளக்கு வெளிச்சத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நானும் வகுப்பறையில் நின்றவன் என்பதால் அந்த ஆசிரியைகளை மறக்க முடிவதில்லை. அவர்கள் சம்பளத்துக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை. 1917 வசந்தத்தில் நகரத்தைக் காலி செய்யச் சொல்லும் வரை இது நடந்தது.

அதே 1914-ல் அறுவடையையும் விடவில்லை. ஆண்கள் போர்முனையில். பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் தோட்டத்தில் இறங்கிக் குலை பறித்தார்கள். பறிக்கப் போனவர்களில் சிலர் குண்டுக்கு இரையானார்கள். சற்று முன் சொன்ன வெர்ஸெனே காற்றாலை, அப்போது படையினரின் கண்காணிப்பு இடமாக இருந்தது. 2015-ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்துச் சரிவுகள் சிலவற்றையும் நிலவறைகளையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுற்றுலாக் கையேடுகள் அதைப் பெரிதாகப் போடுகின்றன. பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வரி ஒதுக்கினாலே அதிசயம். அதனால்தான் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டேன்.

சரி, வெர்ஸியிலிருந்து மேலே போவோம். வில்லேர்-மார்மெரி, திரெப்பாய் தாண்டி அம்போனே, பூஸி. இங்கே சரிவு தெற்கே திரும்பிவிடுகிறது, கறுப்புத் திராட்சை நன்றாகப் பழுக்கிறது. ஷாம்பெயினில் குலையைக் கையால்தான் பறிக்க வேண்டும், சட்டமே அப்படி. பழம் நசுங்காமல் முழுக்குலையாகப் பிழிந்தால்தான் கறுப்புத் தோலின் நிறம் சாற்றில் இறங்காது. இயந்திரம் வைக்க முடியாது என்பதால் அறுவடைக் காலத்தில் லட்சம் பேருக்கு மேல் கூலிக்கு வருகிறார்கள். 2023 செப்டம்பர் வெயிலில் அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். அதே அறுவடையில், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களை மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைத்து வேலை வாங்கியதாக வழக்கு நடந்து, 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆட்கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை விதித்தது. அழகான சாலைதான். அந்த அழகைப் பராமரிக்கிற கைகளைப் பார்க்காமல் போவது நியாயமில்லை.

பூஸியிலிருந்து ஆற்றோரமாக மேற்கே வந்தால் அயி என்ற சின்ன ஊர். 1911 ஏப்ரலில் இந்த ஊர் எரிந்தது. 1910-ல் விளைச்சல் அடியோடு போனது. விவசாயி கையில் காசில்லை. ஆனால் சில மது நிறுவனங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து மலிவாகச் சரக்கு இறக்கி, ஷாம்பெயின் என்று பெயர் ஒட்டி விற்றன. பொறுத்துப் பார்த்த விவசாயிகள் ஜனவரியில் தாமெரி ஊரில் பீப்பாய்களை ஆற்றில் உருட்டினார்கள், ஏப்ரலில் அயியில் மது நிறுவனங்களின் மாளிகைகளைக் கொளுத்தினார்கள். அரசு ராணுவத்தை அனுப்பியது. எந்த ஊர்த் திராட்சைக்கு ஷாம்பெயின் பெயர் உண்டு என்ற சண்டை 1927-ல் வந்த சட்டத்தால்தான் தீர்ந்தது. இதைப் பற்றி இன்னும் சொல்ல ஆசை, ஆனால் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார்.

ஆகவே எபெர்னேயை விரைவாகக் கடக்கிறேன். அங்கே ஷாம்பெயின் அவென்யூ என்று ஒரு நீண்ட வீதி, இருபுறமும் மாளிகைகள். வீதியைவிட அதன் அடியில் ஓடும் சுரங்கங்கள் பல மடங்கு நீளம். மறுபடியும் பாறை!

அங்கிருந்து ஆற்றைக் கடந்து மேலே ஏறினால் ஓவிலேர். 1668 முதல் 1715-ல் இறக்கும் வரை தோம் பெரிஞோன் என்ற துறவி மடத்துச் சரக்கறையைக் கவனித்த ஊர். அவர்தான் நுரை மதுவைக் கண்டுபிடித்தார் என்பது பின்னால் கட்டிய கதை. அவர் காலத்தில் நுரை ஒரு குறை, அதைத் தவிர்க்கத்தான் பாடுபட்டார். பல தோட்டத்துத் திராட்சைகளை அளவறிந்து கலப்பதில்தான் அவர் திறமை. கல்லறை ஊர்க் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து காட்டு வழியே ரேம்ஸ் திரும்பலாம்.

போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. முன்பெல்லாம் அறுவடை செப்டம்பர் கடைசியில் வரும். 2003-ல் ஆகஸ்டிலேயே தொடங்கியது. 1822-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்தது அப்போதுதான். அதன் பிறகு ஆகஸ்ட் அறுவடை பல ஆண்டுகளில் நடந்துவிட்டது. வெயில் ஏற ஏற, பாறை பிடித்து வைத்திருக்கும் நீரைத்தான் கொடி நம்பியிருக்கப்போகிறது. ஆகவே அறுவடையைப் பார்க்க ஆசைப்பட்டால் பழைய பயணக் கையேட்டின் தேதியை நம்பாதீர்கள், அந்த ஆண்டின் தேதியை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் காரை நிறுத்த வேண்டாம், குலை ஏற்றிய டிராக்டர் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.