பினாங்கின் ஏற்றுமதியும் பினாங்கில் தங்குவதும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்சாலைகளும் ஏற்றுமதியும் ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்துக்கு என்ன செய்கின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நீங்கள் வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவீர்கள். அதனால் பினாங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2022-இல் பினாங்கின் ஏற்றுமதி 400 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. மலேசியாவின் மொத்த ஏற்றுமதியில் அது கால் பங்குக்கும் மேல். பரப்பளவில் பெர்லிசுக்கு அடுத்த சின்ன மாநிலம் இது. ஆனால் அதே ஆண்டில் மாநிலத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது அங்கேயே புதிதாக உருவான மதிப்பு, அந்த ஏற்றுமதித் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உற்பத்தியைவிட ஏற்றுமதி எப்படி மூன்று மடங்காகும்?

கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கும் மின்னணுச் சிப் ஒன்றின் பயணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தட்டு வெளிநாட்டில் தயாராகி, விமானத்தில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வந்து இறங்குகிறது. தொழிற்பேட்டை விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே தட்டை நகத்தைவிடச் சிறிய துண்டுகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் ஓர் அடித்தளத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியாலோ செப்புக் கம்பியாலோ இணைத்து, கறுப்புப் பிசினால் மூடுகிறார்கள். சூட்டிலும் குளிரிலும் சோதித்து, தேறியதை மறுபடி விமானத்தில் ஏற்றுகிறார்கள். சுங்கத் தாளில் சிப்பின் முழு விலை ஏறிவிடும். அதில் பெரும்பகுதி தட்டோடு உள்ளே வந்த மதிப்பு. அதைக் கழித்தால் மிஞ்சுவது சம்பளம், மின்சாரம், தண்ணீர், வாடகை, அப்புறம் லாபம். லாபம் தாய் நிறுவனத்துக்குப் போய்விடும்.

ஆகவே “இத்தனை பில்லியன் ஏற்றுமதி” என்று செய்தியில் கேட்கும்போது அவ்வளவும் மாநிலத்தின் வருமானம் என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு இங்கேயே தங்கியது என்பதுதான் என் கேள்வி.

இதற்காக, தொழிற்சாலை வராமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். 1969-இல் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. வணிகம் படுத்தது. வேலையில் இருந்தவர்களையும் வேலை தேடியவர்களையும் சேர்த்து எண்ணினால், நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் வேலையில்லாமல் நின்றார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். அந்த ஆண்டுதான் லிம் சொங் இயூ முதலமைச்சரானார். பினாங்கு மேம்பாட்டுக் கழகமும் அப்போதே அமைந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில், நெல் விளைந்த மண்ணில், நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம், அதாவது ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சுங்க வரி இல்லாத பகுதி, தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் கட்டியது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, பாஷ் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவைதாம்.

வரிச் சலுகை தருவது கூட்டரசின், அதாவது மத்திய அரசின், அதிகாரம். மாநிலத்தின் கையில் இருந்தது நிலம். அதை அது கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியது.

முதல் வரவு சம்பளம். கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஷிப்டு முழுவதும் அந்தக் கம்பிகளை ஒட்டினார்கள். பல வீடுகளில் மாதம் தவறாமல் வந்த முதல் சம்பளம் அதுதான். சம்பளம் குறைவு, கண்வலி அதிகம். மின்னணுத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய சங்கம் அமைக்க அனுமதி தரவில்லை. 1988-இல்தான் நிறுவனத்துக்குள்ளேயே சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதலீட்டாளர் மனம் கோணக் கூடாது என்ற கவலைக்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலை அது.

ஏற்றுமதியை நம்பினால் அடுத்தவன் ஊர் மந்தமும் நம் வீட்டுக்கு வரும். 1985-இல் உலகச் சிப் சந்தை சரிந்தபோது பினாங்கில் ஆட்குறைப்பு நடந்தது.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1989-இல் மாநிலமும் நிறுவனங்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. இயந்திரங்களை ஓட்டியவர்கள் அவற்றைப் பழுதுபார்க்கவும் பிறகு வடிவமைக்கவும் கற்றுக்கொண்டார்கள். அச்சும் உதிரிபாகமும் செய்துதரும் உள்ளூர்ப் பட்டறைகள் வளர்ந்தன. விட்ரோக்ஸ் என்ற நிறுவனத்தைப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர்கள் வெளியே வந்து தொடங்கியது. சிப்பில் குறை இருக்கிறதா என்று கேமராவால் பார்க்கும் இயந்திரங்களைச் செய்து ஏற்றுமதி செய்கிறது. அப்படிப்பட்ட இயந்திர விற்பனையில் வரும் ஒவ்வொரு 1 ரிங்கிட்டிலும், ஒட்டி அனுப்பும் சிப்பில் வரும் 1 ரிங்கிட்டைவிட உள்ளூரில் தங்கும் காசு அதிகம். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே 1 ரிங்கிட்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி எல்லாம் கூட்டரசுக்குப் போகின்றன. மாநில அரசுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிலவரியும் நிலம் சார்ந்த கட்டணங்களும். அவற்றையெல்லாம் கூட்டினாலும் ஆண்டுக்கு 1 பில்லியன் ரிங்கிட்டை எட்டுவதில்லை. 400 பில்லியனுக்குப் பொருள் போகிற ஊரில், சாலையையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ள மாநில அரசின் பையில் இவ்வளவுதான்.

அதனால் பினாங்கு மறுபடி நிலத்திடமே போகிறது. தீவில் இடம் போதாமல் பெருநிலத்தில் பத்து கவான் என்ற ஊர் வரை தொழிற்பேட்டைகள் பரவிவிட்டன. இப்போது தீவின் தெற்கே கடலைத் தூர்த்து ஏறத்தாழ 2,300 ஏக்கரில் சிலிக்கான் தீவு என்ற ஒன்றை உருவாக்குகிறார்கள். 2023-இல் வேலை தொடங்கியது. அந்தக் கடலில் வலை வீசும் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். 1972-இல் நிலத்தைக் கொடுத்ததற்குக் காரணம் புரிகிறது. ஊரே வேலைக்கு ஏங்கிக் கிடந்தது. இன்று பல தொழிற்சாலைகள் ஆள் கிடைக்காமல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு வருகின்றன. எத்தனை பில்லியன் முதலீடு வரும் என்பதோடு, எத்தனை உள்ளூர்ப் பொறியாளர்களுக்கு என்ன சம்பளம், உள்ளூர்ப் பட்டறைகளிடம் எவ்வளவு கொள்முதல் என்பதையும் மாநில அரசு நிலத்தைக் குத்தகைக்குத் தரும் முன்பே நிறுவனங்களிடம் எழுதி வாங்கி வெளியிடட்டும். அதுவரை அந்தத் தீவைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான்.

நன்றி, வணக்கம்.