தண்டவாளத்தைத் தாண்டிய கிழவி

வணக்கம் நேயர்களே. சின்ன ஊர் அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் மௌனப்படம் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ‘டான் டியேகோவும் பெலகேயாவும்’, 1928இல் வந்த சோவியத் படம், இயக்கியவர் யாக்கோவ் புரோட்டசானோவ். புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்குப் போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். அதனாலோ என்னவோ, சொந்த ஊர் அலுவலகங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற கண் அவருக்கு இருந்தது.

கதை இதுதான். ஆள் நடமாட்டம் அதிகமில்லாத ஒரு ரயில் நிலையம், அதற்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். வேலை குறைவு, அதனால் வீரசாகச நாவல்களைப் படித்துப் படித்துத் தன்னையே டான் டியேகோ என்று நினைத்துக்கொண்டு கற்பனையில் வாள் வீசிக்கொண்டிருப்பார். வீரத்தைக் காட்ட நிஜத்தில் ஓர் எதிரி வேண்டுமே? பெலகேயா என்கிற கிராமத்துப் பாட்டி கிடைத்தாள். தண்டவாளத்தைக் கடக்கக்கூடாத இடத்தில் கடந்துவிட்டாள். அங்கே அறிவிப்புப் பலகை இருக்கிறது, சரி, ஆனால் பாட்டிக்கு எழுத்து தெரியாது. விஷயம் வழக்காகி, பாட்டி சிறைக்கே போய்விடுகிறாள்.

அப்புறம் அவளுடைய வீட்டுக்காரர், பாவம், அவளை மீட்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிற பகுதி அது. இந்தக் கதையில் லஞ்சம் பெரிய விஷயமே இல்லை. கையில் கொஞ்சம் அதிகாரமும் நிறைய ஓய்வு நேரமும் உள்ள ஒருவருக்கு, எதிரே நிற்பது மனுஷி என்பதே மறந்துபோகிறது, அவ்வளவுதான். கடைசியில் கொம்சொமோல், அதாவது கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பு, அதன் இளைஞர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். அந்த முடிவு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, கட்சிக்காக வைத்தது போலவே தெரிகிறது.

பாட்டியாக நடித்த மரியா புளூமென்தால்-தமாரினாவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. நாடக மேடையில் பழுத்தவர், ஆனால் இங்கே ஒரு சைகைகூட மிகையாக இல்லை. அவர் முகத்துக்காகவே பார்க்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். ஊர் கெடுவது அளவுக்கு மீறிப் படிக்கிற ஒருவரால், மாட்டிக்கொள்வது படிக்கவே தெரியாத ஒருத்தி. 1926 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் 9 முதல் 49 வயது வரை உள்ளவர்களிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான், கிராமத்துக் கிழவிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மௌனப்படத்திலோ வசனம் முழுக்க எழுத்தாகத்தான் வரும். அரங்கில் பெலகேயா போன்ற ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இருந்த பேரனோ பேத்தியோதான் அவளுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.