விழா மீனின் ருசி அடுப்பிலா, ஐஸ் பெட்டியிலா?

(சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையில் நடக்கும் கடலுணவு, வைன் விழாவை ஒட்டிய பட்டிமன்றம். தலைப்பு: ‘விழாவின் ருசியை முடிவு செய்வது அடுப்பா, ஐஸ் பெட்டியா?’ இது ஐஸ் பெட்டி அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணி அண்ணன் நன்றாகப் பேசினார். “சம்பால் மிளகாய் விழுதும் தணலும் கைப்பக்குவமும் இருந்தால் எந்த மீனும் ருசிக்கும்” என்றார். ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் மொத்த வியாபாரம் நள்ளிரவுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். அதிகாலை 3 மணிக்கு வாங்கிய மீன், மாலை 5 மணிக்கு விழாக் கடையில் தணலுக்குப் போகிறது. இடையில் 14 மணி நேரம். தணலில் அது இருப்பது 10, 15 நிமிடம். அந்த 14 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு, நடுவர் அவர்களே?

0 டிகிரியில் கிடக்கும் மீனைவிட 10 டிகிரியில் கிடக்கும் மீன் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகக் கெடும். நம் ஊர்ப் பிற்பகலோ 31, 32 டிகிரி. கூடாரத்துக்குள் தணலின் வெக்கை வேறு.

அண்ணன் சொன்ன சம்பால் திருக்கைக்கே, அதாவது சம்பால் தடவி வாழையிலையில் சுடும் திருக்கை மீனுக்கே வருகிறேன். திருக்கையின் சதையில் இயற்கையாகவே யூரியா உண்டு. குளிர்ச்சி குறைந்தால் கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். வாழையிலையைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அதுதான். எலுமிச்சை பிழிந்தால் நெடி கொஞ்சம் அடங்கும், கெட்ட சதை நல்ல சதையாகாது. இன்னொரு தவறும் நடக்கிறது. உறைந்த திருக்கையை அவசரத்தில் அப்படியே சுடு தட்டில் போடுகிறார்கள். இலை கருகும், குருத்தெலும்போரம் பச்சையாக நிற்கும். முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டிருக்க வேண்டும். அதுவும் அடுப்புக்கு முந்திய வேலைதான்.

“கொதித்தால் கிருமி செத்துவிடும், பயம் எதற்கு?” என்று எதிரணி அக்கா கேட்டார். கிருமி சாகும் அக்கா. அது விட்டுப்போன நஞ்சு சாகாது. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைக் குளிரில்லாமல் வைத்தால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேர்கிறது. பொரித்தாலும் போகாது, குழம்பு வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. தின்ற சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் அதை மீன் ஒவ்வாமை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். எந்தச் சமையற்காரராலும் திருத்த முடியாத பிழை இது. பிடித்த நேரத்திலிருந்தே குளிரில் வைத்தால் மட்டுமே தடுக்கலாம்.

ஐஸ் பெட்டி என்றால் மீன் மேல் நாலு கட்டியைத் தூவுவது என்று எண்ண வேண்டாம். 25 டிகிரியில் வந்த 20 கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க மட்டும் சுமார் 5 கிலோ ஐஸ் உருகித் தீரும். வெயிலுக்கும், மூடியைத் திறந்து திறந்து மூடுவதற்கும் தனியாக வேண்டும். அதனால்தான் வெப்ப நாடுகளில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பது கணக்கு. அடியில் ஒரு படுகை நொறுக்கிய ஐஸ், மேலே மீன், வயிற்றுக்குள்ளும் ஐஸ், மறுபடியும் ஐஸ். பெட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்து வைக்க வேண்டும். உருகிய நீரில் ஊறினால் மீன் வெளுத்து, ருசியும் கரைந்து போகும். துண்டு போட்ட மீன் பைக்குள் இருக்கட்டும், நீர் படக்கூடாது. மீன் கிடந்த ஐஸை அள்ளிய கரண்டி, குடிக்கும் ஐஸ் பக்கமே போகக்கூடாது. கூட்டம் நெருக்கும்போது இந்த ஒன்றைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

இறால் இன்னும் அவசரக்காரன். அதன் தலையில் உள்ள செரிமான நொதிகள், செத்த உடனே உடம்பைத் தின்னத் தொடங்கும். வாயில் மாவாகக் கரையும் இறாலைக் குறை வேகல் என்று சமையற்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் அது குளிரில் விட்ட குறை.

அண்ணன் பெருமையோடு மிளகாய் நண்டைச் சொன்னார். 1950களில் காலாங் ஆற்றோரத் தள்ளுவண்டியில் பிறந்த உணவு. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் குழம்புக்கு இன்றும் உயிர் நண்டுதானே கேட்கிறோம்? செத்த நண்டின் சதை சீக்கிரமே நீர்விட்டுத் தளர்ந்துவிடும், சாஸ் எவ்வளவு ருசியானாலும் உடைத்த ஓட்டுக்குள் கூழ்தான். உயிர் நண்டை ஐஸ் மேல் போட்டு வைக்கவும் கூடாது, செத்துவிடும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைக்க வேண்டும். வெட்டுவதற்குச் சற்று முன் மட்டும் ஐஸ் நீரில் 20 நிமிடத்துக்குமேல் ஆழ்த்தினால் மரத்துப்போகும். நண்டுக்கும் வதை குறைவு, கொதிநீரில் துடித்துக் கால்களைக் கழற்றிவிடுவதும் இல்லை.

வைனுக்கு வருகிறேன். மீனோடு சிவப்பு வைன் குடித்தால் சிலருக்குக் கவிச்சி தட்டும். அந்த வைனில் உள்ள இரும்புச்சத்து ஒரு காரணம். வெள்ளை வைனை 8 முதல் 10 டிகிரியில் ஊற்றினால்தான் அதன் புளிப்பு மீனின் கொழுப்பை அறுக்கும். வெறும் ஐஸில் செருகிய பாட்டிலைச் சுற்றிக் காற்று நிற்கும், மெதுவாகத்தான் குளிரும். பாதி ஐஸ், பாதி நீர், ஒரு கைப்பிடி உப்பு என்றால் 20 நிமிடம் போதும். கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், இந்த வெக்கையில் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். சம்பால் காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் தோதுபடும். அதுவும் குளிர்ந்திருந்தால்தான்.

ஓரிடத்தில் அடுப்பை ஒப்புக்கொள்கிறேன். ஐஸ் கிருமியைக் கொல்லாது, அதன் வளர்ச்சியை மட்டுமே மட்டுப்படுத்தும். 2015இல் பச்சையாகத் தின்ற நன்னீர் மீனால் இங்கே பலர் நோயுற்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், உண்ணத் தயாரான பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்தத் தடை வந்தது. அங்கே தீதான் காவல்.

ஆனால் விழாக் கடையில் ஒரே சமையற்காரர், ஒரே சம்பால், ஒரே தணல். மாலை 5 மணிக்கு முதல் தட்டு அமிர்தமாக இருக்கிறது. இரவு 10 மணிக்கு வரிசையின் கடைசியில் நிற்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் போகும் தட்டு ஏன் வேறாக இருக்கிறது? நெருப்பு மாறவில்லை, கை மாறவில்லை. இதற்கு எதிரணியினர் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.