மெம்பர் நோட்டுல பேர் இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். மைக் இரையுது, பரவாயில்ல, சத்தமாவே பேசிடுறேன்.

ஆஸ்திரேலியாவுல அபாரிஜினல் மக்கள், அதாவது அந்த மண்ணோட பூர்வகுடிகள், தாங்களே நடத்துற ஹெல்த் சர்வீஸ் 140க்கு மேல இருக்கு. முதல்ல வந்தது 1971ல, சிட்னி ரெட்ஃபெர்ன்ல. ஒரு கடையில, சம்பளம் வாங்காத டாக்டருங்கள வச்சு ஆரம்பிச்சாங்க. அதுல கண் டாக்டர் ஃபிரெட் ஹாலோஸ் பேர்தான் வெளியில ஃபேமஸ், ஆனா மம் ஷெர்ல்னு ஊரே கூப்பிட்ட ஷெர்லி ஸ்மித், கோர்டன் பிரிஸ்கோ மாதிரி அபாரிஜினல் ஆளுங்கதான் இத கிளப்பினதே. டாக்டர் வரலாம் போகலாம், முடிவு எங்களோடதுன்னு நின்னாங்க பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு.

சரி, "எங்களோடது"ன்னா யாரோடது? இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. அந்த கிளினிக்ல பத்து வருஷமா சுகர் மாத்திரை வாங்குறவங்க பேஷன்ட், அவ்வளவுதான். ஓட்டு வேணும்னா தனியா ஃபார்ம் எழுதிக் கொடுக்கணும், போர்டு, அதாவது டைரக்டருங்க குழு, அத ஏத்துக்கணும், மெம்பர் ரிஜிஸ்டர்ல பேர் ஏறணும். சின்ன ஃபார்ம்தான், பேரு, விலாசம், கையெழுத்து, ஆனா மருந்துச் சீட்ட பத்திரமா பர்ஸ்ல மடிச்சு வைக்கிற ஆள் இந்த ஃபார்ம கவுன்டர்லயே விட்டுட்டுப் போயிடுவார். அப்புறம் போர்டு தப்பா முடிவெடுத்துச்சுன்னா கத்தலாம், கை தூக்க முடியாது.

இதுல பல சர்வீஸ் 2006ல போட்ட ஒரு தனிச் சட்டத்துல பதிவானது, கேட்சி ஆக்ட்னு சொல்லுவாங்க, 2007 ஜூலைல அமலுக்கு வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் ரூல் புக்னு ஒண்ணு உண்டு, யார் மெம்பர் ஆகலாம், எந்த ஊர்க்காரங்கன்னு எல்லாம் அதுலதான் இருக்கும். டைரக்டர்கள்ல மெஜாரிட்டி அபாரிஜினல் இல்லன்னா அங்க இன்னொரு பூர்வகுடியான டோரஸ் ஸ்ட்ரெய்ட் தீவுக்காரங்களா இருக்கணும், ஸ்டாஃப் மெஜாரிட்டியா இருக்கக் கூடாது, சிஇஓ டைரக்டரா இருந்தாலும் சேர்மன் ஆக முடியாது. சம்பளம் வாங்குறவரே சம்பளம் போடுறவரா ஆகிடக் கூடாதுல்ல!

எனக்குப் பிடிச்ச ரூல் இன்னொண்ணு. ஒரு மெம்பர் வீடு மாறிட்டார், ரெண்டு வருஷமா ஆளையே பிடிக்க முடியலன்னு வச்சுக்கோங்க, அப்பவும் போர்டு ரூமுக்குள்ள உட்கார்ந்து சத்தமில்லாம பேர அடிச்சிட முடியாது, பொதுக்கூட்டத்துல மெம்பருங்க முன்னாடி வச்சு ஸ்பெஷல் ரெசல்யூஷன், அதாவது விழுற ஓட்டுல முக்கால் பங்காவது வேணுங்கிற தீர்மானம், போட்டாகணும். வேலை தேடி ஊர் ஊரா போறவங்க, சாவு காரியத்துக்குன்னு வாரக்கணக்குல வேற ஊர்ல தங்குறவங்க இருக்கிற இடத்துல இது சின்ன விஷயமா?

கஷ்டமும் இருக்கு. காசுல பெரும்பகுதி கவர்மென்ட் கிரான்ட், அதுக்கு ரிப்போர்ட் எழுதியே மேனேஜருக்குக் கை வலிச்சிடும். அப்ப போர்டு கண்ணு கவர்மென்ட் இருக்கிற தலைநகர் கான்பெராவையே பார்க்க ஆரம்பிச்சிடும், மெம்பர் ஞாபகம் ஏஜிஎம், அதான் வருஷப் பொதுக்கூட்டம், வந்தாதான் வரும். நிர்வாகம் ரொம்ப கெட்டுப்போனா, இந்தச் சட்டத்தப் பார்த்துக்கிற அரசு அதிகாரியான ரெஜிஸ்ட்ரார், நிர்வாகத்த எடுத்து நடத்த ஸ்பெஷல் அட்மினிஸ்ட்ரேட்டர போடலாம், அப்போ எலெக்ஷன்ல வந்த டைரக்டருங்க நாற்காலி காலி. சில சமயம் அது தேவைதான், இருந்தாலும் நம்ம ஆபீஸ்ல வெளி ஆள் சாவி வச்சிருந்தா யாருக்குக் கடுப்பு வராது?

கடைசியா அங்க ஒரு தம்பி கேட்டார், வயசு எவ்வளவு ஆகணும்னு. அந்தச் சட்டப்படி 15 முடிஞ்சா மெம்பர் ஆகலாம் தம்பி. நாட்டு எலெக்ஷன்ல ஓட்டு போட 15 வயசுப் பொண்ணு ஒருத்தி இன்னும் மூணு வருஷம் காத்திருக்கணும், ஆனா பாட்டிக்கு ஊசி போடுற கிளினிக்க யார் நடத்துறதுன்னு இப்பவே கை தூக்கிடலாம்.